நெருப்பைவிடக் குழாய் முக்கியம்: ஆர்க்காட்டு ராக்கெட்டிலிருந்து விண்கல மின்சாரம் வரை

வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதைகள் இரண்டு. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மாண்ட பிறகு, அவருடைய பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் இந்தக் கோட்டைக்குள்தான் காவலில் வைத்தார்கள் என்பது ஒன்று. 1806 ஜூலை 10 அன்று பொழுது விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்பது இன்னொன்று. மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்லலாம். அந்தக் கிளர்ச்சி நடந்து மூன்று மாதத்துக்குள், அதே 1806 அக்டோபரில், பிரிட்டிஷ் கடற்படை பிரான்சின் பூலோன் துறைமுகத்தை ராக்கெட் வீசித் தாக்கியது. லண்டனை அடுத்த வூல்விச்சில் வில்லியம் காங்ரீவ் உருவாக்கிய அந்த ராக்கெட்டுகளுக்கு வித்து, திப்புவின் படையிடமிருந்து பிடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிய மைசூர் ராக்கெட்டுகள். பிள்ளைகள் வேலூரில் காவலில் இருந்தார்கள். தகப்பனாரின் ஆயுதம் ஐரோப்பாவில் போருக்குப் போனது.

ராக்கெட்டின் வரலாற்றை எரிபொருளின் வரலாறாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கென்னவோ அது பாதிக் கதை என்றே படுகிறது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கலந்த கருமருந்து சீறிக்கொண்டு எரியும் என்பது சீனர்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரியும். அதற்குப் பிறகு வந்த பெரிய திருப்பங்களைப் பார்த்தால், நெருப்பை எதில் அடைத்தார்கள், எந்த வாய் வழியாக வெளியே விட்டார்கள், எதை வைத்து ஒட்டினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேலே போய்ச் சேர்ந்த பிறகு சிக்கல் மின்சாரத்துக்கு மாறுகிறது. அங்கேயும் தாக்குப்பிடித்ததுதான் ஜெயித்தது.

ஐதர் அலியின் தகப்பனார் ஃபத் முகமது, ஆர்க்காட்டு நவாபின் படையில் ராக்கெட் வீசும் ஐம்பது பேருக்குத் தலைவராக இருந்தவர். அந்தக் காலத்து ராக்கெட் என்பது மூங்கில் குழாயில் மருந்து அடைத்தது. பெரும்பாலும் சைகை காட்டத்தான் பயன்பட்டது. மகன், பேரன் காலத்தில் குழாய் இரும்பானது. சுமார் 20 செ.மீ. நீளம், 4 முதல் 8 செ.மீ. வரை குறுக்களவு, ஒரு முனை அடைப்பு, மறுமுனையில் சிறிய துவாரம். இதைத் தோல் வாரால் ஒரு மீட்டர் அளவுள்ள மூங்கில் கழியோடு இறுக்கிக் கட்டினார்கள். கழிதான் திசை மாறாமல் பிடிக்கும் வால். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான மருந்து அடைத்தால் ஏறக்குறைய 900 மீட்டர் போனதாகக் கணக்கு.

மருந்து அதேதான். குழாய் மாறியதால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? கருமருந்து திறந்த வெளியில் எரிவது வேறு, அழுத்தத்தில் எரிவது வேறு. அழுத்தம் கூடக்கூட எரிகிற வேகமும் கூடும். வேகமாக எரிந்தால் புகையும் வாயுவும் அதிகம் உண்டாகும். அது அழுத்தத்தை மேலும் ஏற்றும். மூங்கிலோ காகிதக் குழாயோ ஒரு கட்டத்துக்கு மேல் பிளந்துவிடும். அதனால் மருந்தைத் தளர்த்தியாகத்தான் அடைக்க முடியும், வாயையும் அகலமாகத்தான் விட முடியும். தட்டி உருட்டிய இரும்புத் தகடு அந்த அழுத்தத்தைத் தாங்கியது. ஆக, இறுக்கி அடைக்கலாம், வாயைக் குறுக்கலாம், வாயு இன்னும் வேகமாக வெளியேறும். ஐரோப்பாவில் அப்போது இருந்த ராக்கெட்டுகளுக்கு இரும்பு உறை இல்லை. நல்ல இரும்பு அடிக்கத் தெரிந்த கொல்லர்கள் மைசூரில் இருந்ததுதான் இதன் அடிப்படை. வேதியியல் அறிவு என்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படை ஐதர், திப்பு இருவரின் படையிடம் சிக்கி அழிந்தது. ராக்கெட் ஒன்று வெடிமருந்து வண்டியில் விழுந்து வெடித்ததுதான் ஆட்டத்தை முடித்தது என்று பரவலாகச் சொல்வார்கள். சரி, அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தப் படை ஏற்கெனவே குதிரைப் படையால் நாலாபுறமும் சூழப்பட்டு, துணைக்கு வரவேண்டிய ஹெக்டர் மன்றோவின் படை காஞ்சியிலேயே நின்றுவிட்ட நிலையில் இருந்தது. ராக்கெட் ஒன்றே போரை ஜெயித்துக் கொடுத்தது என்று எழுதுவது கொஞ்சம் மிகை. மாடும் குதிரையும் மிரளும், வரிசை குலையும். குறி பார்த்து அடிக்க ஆகாது. அதே ஆண்டு ஆர்க்காடு ஐதர் வசமானது, வேலூர்க் கோட்டை மட்டும் முற்றுகையைத் தாங்கி நின்றது. ஐதர் இறந்ததும் இந்தப் பக்கம்தான்: 1782 டிசம்பரில், சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டையில். அந்தச் சித்தூர் பின்னாளில் வடஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகராகவே 1911 வரை இருந்தது.

அப்துல் கலாம் 1963ல் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, அங்கே வரவேற்பறையில் திப்புவின் ராக்கெட் படை சண்டையிடும் ஓவியம் மாட்டியிருந்ததைக் கண்டதாக எழுதியிருக்கிறார். நம் ஊரில் அப்படி ஒரு படம் அப்போது எங்கே மாட்டியிருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பீரங்கிகள் துல்லியமாகிவிட்டதால் போர் ராக்கெட்டின் மவுசு குறைந்தது. அடுத்த பாய்ச்சல் காகிதத்தில் நடந்தது. 1903ல் ரஷ்யப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு, ராக்கெட் எட்டும் வேகத்தை இரண்டே இரண்டு விஷயம் தீர்மானிக்கிறது என்று காட்டியது: வாயு வெளியேறும் வேகம், புறப்படும்போது உள்ள எடைக்கும் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் எடைக்கும் உள்ள விகிதம். பூமியைச் சுற்ற நொடிக்கு 7.8 கி.மீ. வேகம் வேண்டும். கருமருந்தின் வாயு வேகம் நொடிக்கு 0.8 கி.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். ஒரு கிலோவை மேலே சேர்க்கப் புறப்படும் எடை 17,000 கிலோவாக இருக்க வேண்டும், அதுவும் காற்றின் தடையையும் ஈர்ப்பால் வரும் இழப்பையும் சேர்க்காமல். வாயு வேகம் 2.5 கி.மீ. ஆனால் அதே கணக்கு 23 கிலோவாகச் சுருங்கும். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தரும் 4.4 கி.மீ.க்கு 6 கிலோ போதும். திப்புவின் கொல்லர்கள் எவ்வளவு கெட்டியான குழாய் அடித்திருந்தாலும் அந்த மருந்தை வைத்து விண்வெளிக்குப் போயிருக்க வழியில்லை என்பதற்கு இந்த மூன்று எண்களே போதும்.

அமெரிக்காவின் ராபர்ட் கோடார்ட் 1915 வாக்கில் சாதாரண மருந்து ராக்கெட்டுகளைச் சோதித்தார். எரியும் சக்தியில் 2 சதவீதம் அளவுதான் உந்துதலாக மாறுகிறது, மிச்சமெல்லாம் வீண். ஸ்வீடன்காரர் லாவால் நீராவிச் சுழலிக்காக வடிவமைத்த, நடுவில் குறுகிப் பின்பு விரியும் வாயை ராக்கெட்டில் பொருத்தியதும் அது 60 சதவீதத்தைத் தாண்டியது. பாலிலிருந்து பாலேட்டைப் பிரிக்கும் இயந்திரத்தைப் பிரபலமாக்கியவரும் இதே லாவால்தான். பால் பண்ணைக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. இங்கேயும் பாருங்கள், மருந்தில் கை வைக்கவில்லை, வாயை மட்டும் மாற்றினார். காற்றில்லாத அறைக்குள்ளும் ராக்கெட் தள்ளும் என்பதையும் கோடார்ட் சோதித்துக் காட்டினார். அப்படியிருந்தும் 1920ல் நியூயார்க் டைம்ஸ், தள்ளுவதற்குக் காற்றில்லாத இடத்தில் ராக்கெட் எப்படி ஓடும் என்று அவரைக் கிண்டலடித்துத் தலையங்கம் எழுதியது. திருத்தம் போட்டது 1969 ஜூலையில், அப்போலோ 11 நிலவுக்குப் போய்க்கொண்டிருந்தபோது. 1926 மார்ச் 16 அன்று பெட்ரோலையும் திரவ ஆக்சிஜனையும் வைத்து அவர் விட்ட முதல் திரவ எரிபொருள் ராக்கெட் இரண்டரை நொடி பறந்து 12 மீட்டர் உயரம் போனது. மைசூர் ராக்கெட்டைவிடக் குறைந்த தூரம்தான்.

திட எரிபொருளைப் புரிந்துகொள்ள வெளியூர் போகவேண்டியதில்லை, குடியாத்தம் போதும். லுங்கிக்கு அடுத்தபடி அந்த ஊர் பேர் வாங்கியது தீப்பெட்டிக்கு. சட்டத்தில் வரிசையாகச் செருகிய குச்சிகளின் முனையை முதலில் மெழுகில் நனைப்பார்கள், பிறகு தட்டில் பரப்பிய மருந்தில் ஒரு முக்கு. அந்த மருந்தில் பொட்டாசியம் குளோரேட் ஆக்சிஜன் தரும், கந்தகம் எரியும், பசை இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். பசை ஆறினால் இறுகிவிடும் என்பதால் மருந்தை வெதுவெதுப்பாகவே வைத்திருக்க வேண்டும். பசையும் சும்மா இருப்பதில்லை, அதுவும் சேர்ந்து எரிகிறது. ஒரு பெரிய ராக்கெட்டின் திட எரிபொருளும் ஏறக்குறைய இப்படித்தான்: ஆக்சிஜன் தர ஒன்று, எரிய ஒன்று, பிடித்துவைக்க ஒன்று, பிடித்துவைப்பதும் எரியும்.

அந்தப் பசையைத் தேடி அலைந்த கதை சுவாரசியமானது. 1942ல் கலிபோர்னியாவில் ஜாக் பார்சன்ஸ், கூரைக்கும் சாலைக்கும் போடும் தாரை உருக்கி அதில் பொட்டாசியம் பெர்குளோரேட் தூளைக் கலந்து அச்சில் ஊற்றினார். அதுவரை மருந்தைக் குழாயில் இடித்துத்தான் அடைக்க வேண்டும். சின்ன விரிசல் விழுந்தாலும் தீ அதற்குள் புகுந்து, எரியும் பரப்பு திடீரென்று பெருகி, அழுத்தம் ஏறி, குழாய் சிதறும். தார் கலவையை ஊற்றலாம், விரிசல் விழாது. ஆனால் வெயிலில் இளகும், குளிரில் நொறுங்கும். அடுத்து வந்தது செயற்கை ரப்பர். இளகாது, நொறுங்காது, உறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் நட்சத்திர வடிவில் பொந்து விட்டு வார்த்தால், உள்ளிருந்து வெளிப்பக்கமாக எரியும்போது எரியும் பரப்பு அவ்வளவாக மாறாமல் ஒரே சீராக இருக்கும். உறையையும் கடைசி வரை ரப்பரே வெப்பத்திலிருந்து காக்கும். இன்று பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்தில் இருப்பது இந்த ரப்பர் வகைதான்: அம்மோனியம் பெர்குளோரேட், அலுமினியத் தூள், எச்.டி.பி.பி. என்ற ரப்பர். பெரிய மோட்டாரில் 139 டன், இரண்டு நிமிடத்துக்குள் எரிந்து முடிகிறது.

காட்பாடியில் டெல் வெடிமருந்துத் தொழிற்சாலை இருப்பதால் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கேள்வி வரும். பாறை உடைக்கும் தோட்டாவில் முன்பு இருந்த நைட்ரோகிளிசரினும் ராக்கெட் மருந்தும் ஒன்றா? பொருள் ஒன்றாக இருக்கலாம், எரியும் விதம் வேறு. கிணற்றிலோ கல் குவாரியிலோ வைக்கும் வெடியில் அதிர்வலை ஒலியைவிட வேகமாகப் பொருளுக்குள் பாய்ந்து, மொத்தமும் கண் இமைப்பதற்குள் வாயுவாகிறது. ராக்கெட் மருந்து மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காக, நொடிக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் எரியவேண்டும். நைட்ரோகிளிசரினை நைட்ரோசெல்லுலோஸோடு சேர்த்துக் கூழாக்கிவிட்டால் அப்படி அடங்கி எரியும். அதற்குக் கார்டைட் என்று பெயர். 1967 நவம்பரில் தும்பாவிலிருந்து கிளம்பிய நம் முதல் சொந்த ராக்கெட், 75 மி.மீ. குறுக்களவுள்ள ரோகிணி, கார்டைட்டில்தான் பறந்தது.

மேலே போயாகிவிட்டது. அப்புறம்?

1957 அக்டோபரில் ஸ்புட்னிக் 83.6 கிலோ எடையோடு போனது. அதில் 51 கிலோ பேட்டரி. வெள்ளி-துத்தநாக பேட்டரி, ஒரு வாட் ஒலிபரப்பி, மூன்று வாரம். அதற்குப் பிறகு பந்து சுற்றிக்கொண்டுதான் இருந்தது, குரல் நின்றுபோனது. 1958 மார்ச்சில் அமெரிக்கா அனுப்பிய வான்கார்டு 1 ஒன்றரைக் கிலோதான் இருந்தது. அதில் ஓர் ஒலிபரப்பி பேட்டரியில் ஓடியது, இன்னொன்று ஆறு சின்ன சூரியத் தகடுகளில். பேட்டரிக்காரன் ஜூனோடு அடங்கினான். சூரிய ஒளியில் ஓடியது 1964 மே வரை பேசியது. சிலிக்கான் சூரியக் கலத்தை பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் 1954 ஏப்ரலில்தான் காட்டியிருந்தார்கள். ஒளியில் 6 சதவீதம் மின்சாரமாக மாறியது. தரையில் அதை வாங்க ஆளில்லாத விலை. விண்வெளியில்தான் அதற்கு முதல் உருப்படியான வேலை கிடைத்தது.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத வேலூரில் மாடியில் சோலார் பேனல் போட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: கத்திரி வெயிலில் மின்சாரம் கூடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் தகட்டின் திறன் ஏறத்தாழ 0.4 சதவீதம் இறங்கும். விண்வெளியில் இதோடு மூன்று தொல்லை கூடுதல். வெப்பத்தை எடுத்துப் போகக் காற்று இல்லை. பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டையில் சுழலும் துகள்கள் கலத்தை மெல்ல மெல்லப் பழுதாக்கும். மூன்றாவதுதான் பெரியது, நிழல். பூமியை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோளுக்கு ஒரு சுற்று ஒன்றரை மணி நேரம், அதில் அரைமணிக்கும் மேல் இருட்டு. ஒரு நாளைக்குப் பதினாறு முறை பேட்டரி இறங்கி ஏறவேண்டும், வருஷத்துக்கு ஐயாயிரத்துக்கும் மேல். செல்போன் பேட்டரியை அப்படிப் படுத்தினால் ஓராண்டு தாங்காது. அதனால்தான் எடை அதிகமானாலும் நிக்கல்-காட்மியத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அதையும் முழுசாக இறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகவே பயன்படுத்தினார்கள்.

மனிதன் ஏறும் கலத்துக்கு வேறு வழி தேடினார்கள். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எரிக்காமலே சேர்த்து மின்சாரம் எடுக்கும் எரிபொருள் கலம், 1965ல் ஜெமினி 5 வழியாக விண்ணுக்குப் போனது. கழிவாக வருவது தண்ணீர். அப்போலோவும் அதையே வைத்துக்கொண்டது. 1970 ஏப்ரலில் அப்போலோ 13ன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது மூச்சுக் காற்று மட்டும் போகவில்லை, மின்சாரமும் சேர்ந்து போனதற்கு இதுதான் காரணம்.

சூரியனை விட்டு வெகுதூரம் போனால் இரண்டும் உதவாது. இதற்கு நம் ஜவ்வாது மலையிலிருந்தே உதாரணம் எடுக்கலாம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் காவலூர் ஆய்வகம். முன்பு வடஆர்க்காடு, 2019லிருந்து திருப்பத்தூர் மாவட்டம். 1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தின் முன்னால் யுரேனஸ் கடந்துபோனபோது, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கி அந்த நட்சத்திர ஒளி கோள் மறைப்பதற்கு முன்பே சட்டென்று மங்கியதைப் பதிவு செய்தது. விமானத்தில் பறந்த அமெரிக்கக் குழுவும் அன்று அதேபோன்ற மங்கல்களைக் கண்டது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்பது இப்படித்தான் தெரிந்தது. அதே ஆண்டு கிளம்பிய வாயேஜர் 2, 1986 ஜனவரியில் அங்கே போய் வளையங்களை அருகிலிருந்து படமெடுத்தது. காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டதும் அதே மாதம்தான்.

பூமிக்கு அருகே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஒளி 1,361 வாட். யுரேனஸில் அது 4 வாட்டுக்கும் குறைவு. அங்கே தகடு விரித்துப் புண்ணியமில்லை. வாயேஜரில் இருப்பது புளூட்டோனியம்-238. அது தானாகச் சிதையும்போது வரும் வெப்பத்தை, ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருக்கும் சிலிக்கான்-ஜெர்மானியக் கலவை இணைகள் மின்சாரமாக்குகின்றன. இந்த விளைவை ஜெர்மனியின் சீபெக் 1821லேயே கண்டார். இதை முதலில் விண்ணுக்குக் கொண்டுபோனது 1961ல் டிரான்சிட் 4ஏ, வெறும் 2.7 வாட். வாயேஜர் கிளம்பும்போது 470 வாட். அசையும் பாகம் ஒன்றுகூட இல்லை என்பதுதான் இதன் பலம். புளூட்டோனியம் பாதியாகக் குறைய 87.7 ஆண்டு ஆகும். இணைகளும் தேய்வதால் மின்சாரம் அதைவிட வேகமாகக் குறைகிறது, ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டு வருகிறார்கள்.

நம் ஆட்களும் முதல் அடியை மின்சாரத்திடம்தான் வாங்கினார்கள். 1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் ராக்கெட்டில் போன ஆரியபட்டாவுக்கு 360 கிலோ எடை, 46 வாட் மின்சாரம். நாலைந்து நாளிலேயே ஆய்வுக் கருவிகளுக்குப் போகும் மின்வழி பழுதாகி ஆய்வுகள் நின்றன. செயற்கைக்கோள் மட்டும் தொடர்ந்து வேலை செய்தது. 1981ல் ஆப்பிள், மாட்டு வண்டியில் ஏற்றிச் சோதித்த படத்தால் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் செயற்கைக்கோள், மேலே போனதும் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரியவே இல்லை. பாதி மின்சாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள். ஆப்பிளைப் பற்றிப் பேசும்போது மாட்டு வண்டியைப் பார்த்து வியக்கிறோம். எனக்கு அந்த ஒற்றைத் தகட்டுக் கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது.

1982ல் இன்சாட்-1ஏ வேறு விதமாகப் போனது. மின்சாரம் இருந்தது, திசை திருத்தும் எரிபொருள் தீர்ந்துபோனது. ஆறு மாதத்திலேயே கைவிட வேண்டியதாயிற்று. தகவல் தொடர்புக் கோள்களில் புறப்படும் எடையில் பாதிக்கு மேலும் எரிபொருளே இருப்பது சாதாரணம். அதைக் குறைக்கத்தான் மின்சாரத்தையே உந்துவிசையாக்கும் யோசனை: வாயுவை எரிக்காமல், அயனியாக்கி மின்புலத்தால் உதைத்துத் தள்ளுவது. கலாம் பயிற்சிக்குப் போன அதே வாலப்ஸிலிருந்து 1964 ஜூலை 20 அன்று செர்ட்-1 என்ற கலம் கிளம்பி, பாதரச அயனி எந்திரத்தை விண்வெளியில் 31 நிமிடம் ஓட்டிக் காட்டியது. இன்று பாதரசத்துக்குப் பதில் செனான். வாயு வேகம் நொடிக்கு 15 கி.மீ.க்கும் மேல், சியோல்கோவ்ஸ்கி கணக்கில் போட்டால் எரிபொருள் தேவை எவ்வளவு இறங்கும் என்று பாருங்கள். விலை என்னவென்றால், தள்ளுதல் மிகமிகச் சிறியது, மின்சாரமோ கிலோவாட் கணக்கில் வேண்டும்.

இந்தியா இதை முதன்முதலில் சுற்றுப்பாதைக்குக் கொண்டு சேர்த்தது 2017 மே 5 அன்று ஏவிய, தெற்காசியச் செயற்கைக்கோள் என்ற ஜிசாட்-9ல். சுற்றுப்பாதையில் இடம் பெயராமல் நிற்க மட்டும்தான் அது செனானை நம்பியது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதைத் தூக்கிய ஜி.எஸ்.எல்.வி.யின் அடிக்கட்டத்தில் இருந்தது பி.எஸ்.எல்.வி.யின் அதே 139 டன் ரப்பர் மோட்டார்.